சாரற்காலத்தில் புறப்பட மறுக்கும் பழைய டீஸல் லாரி: காரணங்களும் பரிகாரங்களும்

ஆனி மாதத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று வீசத் தொடங்கியதும் குற்றாலத்தில் அருவிகள் விழுகின்றன. தென்காசி, செங்கோட்டை, கடையம் முதலிய இடங்களில் சாரல் தூறுகின்றது. பயிர்களுக்கும் குளங்களுக்கும் நன்மை பயக்கும் இப்பருவத்திலேயே விவசாயிகளிடமிருந்து ஒரு முறையீடும் எழுவதுண்டு. மாலையில் நல்ல நிலையில் நிறுத்தப்பட்ட லாரி விடியற்காலையில் புறப்படுவதில்லை என்பதே அது. பாவூர்ச்சத்திரம் சந்தைக்குச் செல்லவேண்டிய கத்தரியும் வெங்காயமும், புளியங்குடிக்குச் செல்லவேண்டிய எலுமிச்சையும், புளியரை வழியாக மலையாள நாட்டுக்கு ஏற்றவேண்டிய வாழைத்தாரும் வண்டியில் ஏற்றப்பட்டபடியே நிற்கின்றன. சந்தை கூடும் நேரம் தவறினால் சரக்கின் விலையும் தவறிவிடுகின்றது. வாடகை வண்டி தேடினால் லாபத்தின் ஒரு பங்கு வாடகைக்கே போய்விடுகின்றது.

இத்தகைய வண்டிகளிற் பெரும்பாலானவை புதியவை அல்ல. ஐந்து அல்லது பத்து ஆண்டுகள் பிறர் கையில் ஓடி, பின்னர் விவசாயி ஒருவராலோ, சில விவசாயிகள் கூட்டாகவோ கடன் பெற்று வாங்கப்பட்டவை. ஆகையால் வண்டி ஒரு நாள் நிற்பது ஒரு நாள் நஷ்டத்தோடு முடிவதில்லை. குற்றம் இன்னதென்று அறியாமல் பட்டறையில் விட்டு, பாட்டரியை மாற்றி, பின்னர் பம்பைப் பிரித்து, அதன் பின்னர் யந்திரத்தையே இறக்கி, முடிவில் குற்றம் ஒரு முழ நீளமுள்ள ரப்பர் குழாயில் இருந்ததென்று கண்டறிவதும் நேரக்கூடும். வண்டிக்கு உடையவர் முதலில் தாமே கவனிக்கக்கூடிய குறிகள் சில உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் வீண் செலவு பெரிதும் குறையும்.

டீஸல் யந்திரத்தில் தீப்பற்றும் விதம்

ஜெர்மனி தேசத்தைச் சேர்ந்த ருடால்ப் டீஸல் என்பவர் 1892-ல் உரிமைக்கு விண்ணப்பித்து, 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய யந்திரமே இன்று லாரிகளிலும் டிராக்டர்களிலும் கிணற்று எண்ணெய் யந்திரங்களிலும் உள்ளது. பெட்ரோல் யந்திரத்தில் மின்பொறி ஒன்று தீயை மூட்டுகின்றது. டீஸல் யந்திரத்திலோ அத்தகைய பொறி கிடையாது. ஸிலிண்டரில் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்காக நெருக்குகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர். அவ்விதமே நெருக்கப்பட்ட காற்று இங்கு 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலாகச் சூடேறுகின்றது. அச்சமயத்தில் நாசில் வழியாக டீஸல் நுண்ணிய துளிகளாகப் பீச்சப்படுகின்றது. டீஸல் தானாகத் தீப்பற்றுவதற்கு 200 முதல் 250 டிகிரி வரை சூடு போதுமாயினும், யந்திரத்தினுள் நொடிப்பொழுதில் பற்றவேண்டியிருப்பதால் அதைவிடக் கூடுதலான சூடு தேவைப்படுகின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். டீஸல் யந்திரம் புறப்படுவதற்கு மூன்றே பொருள்கள் வேண்டும். யந்திரம் போதிய வேகத்தில் சுழலவேண்டும். நெருக்கப்படும் காற்று கசியாமல் நிற்கவேண்டும். டீஸல் காற்றுக்குமிழி கலவாமல் உரிய நேரத்தில் நுண்துளியாக வந்து சேரவேண்டும். இம்மூன்றும் பொருந்தியிருந்தால் யந்திரம் பற்றியே தீரும். பற்றவில்லையெனில் இம்மூன்றில் ஒன்று குறைந்திருக்கவேண்டும். கிணற்று யந்திரத்தைக் கையால் சுழற்றிப் பழகிய விவசாயிகளுக்கு இது புதிதன்று. டிகம்ப்ரஷன் நெம்புகோலைத் தூக்கிவிட்டுச் சுழற்றும்போது நெருக்கம் இல்லாமையால் யந்திரம் பற்றுவதில்லை; வேகம் வந்ததும் கோலை விட்டவுடன் நெருக்கமும் சூடும் உண்டாகி யந்திரம் பற்றிக்கொள்ளுகின்றது.

குற்றாலக் குளிர் குற்றவாளி ஆகுமா?

சாரற்காலத்தில் வண்டி புறப்படவில்லையெனில், குளிரினால் டீஸல் உறைந்துவிட்டதென்று கூறுவோர் உண்டு. இது பொருந்தாது. டீஸலில் மெழுகு போன்ற பொருள் கலந்திருப்பதும், கடுங்குளிரில் அது திரண்டு வடிகட்டியை அடைப்பதும் மெய்யே. ஆயின் இந்தியத் தர நிர்ணயத்தின்படி, டீஸல் இவ்வாறு வடிகட்டியில் தடைப்படும் உஷ்ணநிலை கோடைத்தரத்தில் 18 டிகிரிக்கும், குளிர்காலத் தரத்தில் 6 டிகிரிக்கும் மேற்படலாகாது. தென்காசிச் சமவெளியில் சாரற்கால விடியலிலும் உஷ்ணநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே இங்கு மெழுகு திரள்வதற்கு இடமில்லை.

மற்றொரு கணக்கும் கவனிக்கத்தக்கது. பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கும் யந்திரத்தில், உள்ளே புகும் காற்று 10 டிகிரி குளிர்ந்திருந்தால் நெருக்கத்தின் முடிவிலுள்ள சூடு ஏறக்குறைய 30 டிகிரி குறையும். சித்திரை விடியலுக்கும் ஆடி விடியலுக்கும் உள்ள வேறுபாடு 5 டிகிரி என்று கொண்டால், முடிவிலுள்ள சூட்டில் 15 டிகிரி குறைகின்றது. நல்ல நிலையிலுள்ள யந்திரத்தில் சூடு தேவைக்கு மேல் வெகுவாக மிஞ்சியிருப்பதால், இச்சிறு குறைவு அதனைப் பாதிக்காது. பாதிக்கின்றதெனில் அந்த யந்திரத்தில் மிச்சமே இல்லாமற் போய்விட்டதென்று கொள்ளவேண்டும்.

எனவே குற்றாலக் குளிர் வண்டியைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்டிருப்பதைக் காட்டிக்கொடுக்கின்றது. வெயிற்காலத்தில் மறைந்திருந்த குற்றம் சாரலில் வெளிப்படுகின்றது. இதனை ஓர் எச்சரிக்கையாகக் கொண்டு அப்பொழுதே பரிகாரம் தேடுவோர், பின்னர் பெருஞ்செலவிலிருந்து தப்புவர்.

சாரலில் குளிரைவிட ஈரமே அதிகத் தீங்கு செய்கின்றது. பாட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கின்றது. பாதி காலியான டீஸல் தொட்டியில் ஈரக்காற்று நிறைந்து, இரவில் நீர்த்துளியாகப் படிந்து டீஸலின் அடியில் தங்குகின்றது. இவ்விரண்டையும் தடுப்பது சுலபம்.

சாவியைத் திருப்பியதும் கவனிக்கவேண்டிய குறிகள்

வண்டி புறப்படாத காலையில் சாவியை மீண்டும் மீண்டும் திருப்புவது தவறு. முதல் முயற்சியிலேயே ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் வண்டியின் பின்புறம் நின்று புகைக்குழாயைக் கவனிக்கவேண்டும். குறிகள் வருமாறு:

முதலாவது, யந்திரம் மந்தமாகச் சுழன்று, புகை வந்தாலும் வராவிட்டாலும், விளக்குகள் மங்குமாயின் குற்றம் பாட்டரியிலோ, கம்பிகளிலோ, செல்ப் மோட்டாரிலோ உள்ளது.

இரண்டாவது, யந்திரம் சுறுசுறுப்பாகச் சுழன்றும் புகைக்குழாயில் சிறிதும் புகை வராவிடின், டீஸல் ஸிலிண்டருக்குள் வந்து சேரவில்லை.

மூன்றாவது, நன்றாகச் சுழன்று, கண்ணை எரிக்கும் வெண்புகை வந்தும் யந்திரம் பற்றாவிடின், டீஸல் வந்து சேர்ந்தும் எரியவில்லை. சூடு போதவில்லை என்பதே இதன் பொருள்.

பகலில் ஓடிச் சூடேறிய பின்னரும் வண்டி புறப்பட மறுக்குமாயின் அதற்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை. உயரழுத்தப் பம்பு தேய்ந்த வண்டிகளில் இக்குறியைக் காணலாம். அதனைப் பம்பு சோதிக்கும் பட்டறையில் காட்டவேண்டும்.

மந்தமாகச் சுழலும் வண்டி

டீஸல் யந்திரம் பற்றுவதற்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100 முதல் 200 சுற்று வரை சுழலவேண்டும். மந்தமாகச் சுழன்றால் நெருக்கப்படும் காற்று கசியவும், சூடு குளிர்ந்த இரும்பில் இறங்கவும் அவகாசம் கிடைத்துவிடுகின்றது. ஆகவே பாட்டரியின் குறைபாடு யந்திரத்தின் குறைபாடுபோல் தோற்றும்.

பாட்டரியைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பாட்டரி, நிறைந்த நிலையில் 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு உள்ளது. 12.0 என்றால் பெரும்பகுதி செலவாகிவிட்டது. செல்ப் சுழலும்போது 9.6 வோல்டுக்குக் கீழே இறங்கினால், பாட்டரி சார்ஜ் இழந்தோ பழுதாகியோ உள்ளதென்று அறியலாம். இரண்டு பாட்டரிகளைத் தொடுத்த 24 வோல்ட் லாரிகளில் ஒவ்வொரு பாட்டரியையும் தனித்தனியே அளக்கவேண்டும். ஒன்று கெட்டால் மற்றொன்றையும் அது இழுத்துக் கெடுக்கும்.

பாட்டரி நல்லதாயிருந்தும் செல்ப் மந்தமாயின் கம்பிகளைக் கவனித்தல் வேண்டும். முனைகளைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, பளபளக்கத் தேய்த்து, இறுக மாட்டி, மேலே வாஸ்லீன் தடவவேண்டும். பெரும்பாலோர் மறப்பது எர்த் கம்பியையே. சட்டத்திலிருந்து யந்திரத்துக்குச் செல்லும் இக்கம்பியின் அடியில் துருவும் சேறும் சேர்ந்து மின்சாரத்தை வழிமறிக்கின்றன. இதற்கும் சோதனை உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் கழித்தல் முனையிலும், மற்றொன்றை யந்திரத்தின் சுத்தமான இரும்பிலும் வைத்துச் செல்பைச் சுழற்றவேண்டும். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் கம்பியோ அதன் பிணைப்போ சரியில்லை. இச்சோதனைக்குச் செலவு எதுவுமில்லை. பாட்டரி புதிதாக வாங்குமுன் இதனைச் செய்யாதவர் வீணாகப் பணம் இழப்பர்.

யந்திரம் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் பாட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காணவேண்டும். குறைந்தால் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்டையும் பார்க்கவேண்டும். சாரலில் நனைந்து வழுக்கும் தளர்ந்த பெல்டும் பாட்டரியைப் பட்டினி போடும்.

செல்பை ஒரே முயற்சியில் 10 வினாடிக்கு மேல் சுழற்றலாகாது. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஒரு நிமிஷமாவது விடவேண்டும். இல்லையேல் செல்ப் மோட்டாரின் சுருள்கள் கருகி, ஒரு குற்றம் இரண்டாகும்.

சுழன்றும் புகை விடாத வண்டி

பழைய வண்டிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் குற்றம் இதுவே. தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தால் டீஸல் வெளியே ஒழுகாமலும் இருக்கலாம். யந்திரம் ஓடும்போது குழாயினுள் டீஸல் உறிஞ்சப்படுவதால், வெடிப்பின் வழியே காற்றுதான் உள்ளே புகும். இரவில் வண்டி நிற்கும்போது அவ்வழியே காற்று நுழைந்து, குழாயிலிருந்த டீஸல் மெல்லத் தொட்டிக்குத் திரும்பிவிடுகின்றது. காலையில் பம்பு காற்றைத்தான் இழுக்கின்றது. நெடுநேரம் சுழற்றிய பின்னர் டீஸல் ஏறி வண்டி பற்றும். அன்று முழுதும் தொல்லை இராது. மறுநாட்காலை மீண்டும் அதே கதை. இதனைக் குளிரின் குற்றமென்று மயங்குவது இயல்பே.

இதை அறியும் வழி சுலபம். காலையில் செல்பைத் தொடுமுன், வடிகட்டியின் அருகிலுள்ள கைப்பம்பை அது கெட்டிப்படும்வரை அழுத்தவேண்டும். அதன் பின்னர் சாவியைத் திருப்பியதும் வண்டி உடனே பற்றுமாயின், காற்றுப் புகுதலே காரணமென்பது உறுதி. கையால் டீஸல் ஏற்றாத நாட்களில் தொல்லையும், ஏற்றிய நாட்களில் சுகமும் மூன்று நான்கு காலைகளில் ஒழுங்காகக் காணப்பட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

வெடிப்பு எங்குள்ளதென்று காண, வடிகட்டிக்கும் பம்புக்கும் இடையே டீஸலுக்குத் தாங்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். மற்றொரு முறையும் உண்டு. சுத்தமான டீஸல் நிரப்பிய சிறு டப்பாவைப் பம்பைவிட உயரமான இடத்தில் சூடுபடாமல் கட்டி, தொட்டிக்குழாயைக் கழற்றிவிட்டு இதிலிருந்து பம்புக்கு டீஸல் செலுத்தி இரவு நிறுத்தவேண்டும். காலையில் வண்டி உடனே பற்றினால் குற்றம் தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ளது. அப்பொழுதும் பற்றாவிடின் பம்பிலோ அதற்கப்பாலோ தேடவேண்டும். குழாய்ப் பிணைப்புகளிலுள்ள செம்பு வாஷர்களும், வடிகட்டி மூடியின் ரப்பர் வளையமும், கைப்பம்பின் ரப்பரும், டீஸல் திரும்பாமல் தடுக்கும் சிறு வால்வும் காற்றுப் புகும் இடங்களாம். ஒருமுறை கழற்றிய செம்பு வாஷரை மீண்டும் மாட்டாமல் புதியதை இடுவதே முறை.

காற்றை வெளியேற்றும்போது வரிசை தவறலாகாது. முதலில் வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழியற்ற டீஸல் வந்ததும் இறுக்கவேண்டும். பின்னர் பம்பின் திருகை அவ்விதமே செய்யவேண்டும். இவ்வளவே விவசாயி செய்யத்தக்கது. நாசிலுக்குச் செல்லும் உருக்குக் குழாய்களைத் தளர்த்துவது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. இக்குழாய்களிலிருந்து பீச்சும் டீஸல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் ஊசிமுனைபோல் தோன்றினாலும் விரலையே இழக்க நேரும். அத்தகைய காயம் பட்டவரைத் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். காமன் ரெயில் என்னும் அமைப்புள்ள புதுவகை வண்டிகளில் அழுத்தம் 1,000 பாருக்கு மேற்படுமாதலால், அவற்றின் உருக்குக் குழாய்களை யாரும் சோதனைக்காகத் தளர்த்தவே கூடாது.

வடிகட்டி அடைபட்டிருப்பதும், அதனடியில் நீர் தேங்கியிருப்பதும், யந்திரத்தை நிறுத்தும் கம்பி திரும்பாமல் சிக்கியிருப்பதும், மின்சார அடைப்பு வால்வுக்கு மின்சாரம் வராமையும் டீஸலைத் தடுக்கும் பிற காரணங்கள். இவை யாவும் யந்திரத்தைப் பிரிக்காமலே பார்க்கத்தக்கவை.

வெண்புகை விட்டும் பற்றாத வண்டி

இவ்வகையில் முதலில் கவனிக்கவேண்டியது ஹீட்டர் பிளக். பல சிறு லாரிகளிலும் வேன்களிலும் ஒவ்வொரு ஸிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் உண்டு. சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் அது சிவக்கக் காய்ந்து டீஸலுக்குச் சூடு தருகின்றது. விளக்கு அணையும்வரை பொறுத்துச் செல்பைச் சுழற்றவேண்டும். பொறுமையின்றி உடனே சுழற்றுவதும் வண்டி பற்றாமைக்கு ஒரு காரணம். பெரிய லாரிகள் பலவற்றில் டீஸல் நேரே பிஸ்டனின் மேல் பீச்சப்படுவதால் ஹீட்டர் பிளக் வைக்கப்படுவதில்லை. ஆகவே பிளக் இல்லாமை ஒரு குறையன்று. தம் வண்டி எவ்வகையென்று முதலில் அறியவேண்டும்.

பிளக்கைச் சோதிக்க, அவற்றை இணைக்கும் தகட்டைக் கழற்றி, பாட்டரியின் கூட்டல் முனையிலிருந்து ஒரு சோதனை விளக்கின் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடவேண்டும். விளக்கு எரிந்தால் உள்ளேயுள்ள கம்பி அறுபடவில்லை. எரியாத பிளக்கை மாற்றவேண்டும். யாவும் நன்றாயிருந்தால், சாவி முதல் நிலையிலிருக்கும்போது அத்தகட்டுக்கு மின்சாரம் வருகின்றதா என்று பார்க்கவேண்டும். சாரலின் ஈரத்தால் ரிலேயின் முனைகள் களிம்பேறி மின்சாரம் வராமலிருத்தல் உண்டு. நான்கு பிளக்குகளில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் வண்டி புறப்பட்டும் சில நிமிஷங்கள் குலுங்கி வெண்புகை விடும்.

அடுத்தது நாசில். பழைய அமைப்பில் 180 முதல் 250 பார் வரையுள்ள அழுத்தத்தில் நாசில் திறந்து டீஸலைப் பனிபோல் தூவவேண்டும். தேய்ந்த நாசில் தூவாமல் சொட்டுகின்றது. சொட்டிய டீஸல் குளிர்ந்த ஸிலிண்டரில் எரிவதில்லை. மேலும் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி, தேய்வை அதிகப்படுத்துகின்றது. நாசில்களைச் சோதனை மேஜையில் வைத்துப் பார்க்கும் பட்டறைகளில் இதனைச் சில மணி நேரத்தில் அறியலாம்.

மூன்றாவது, காற்றின் நெருக்கம். இங்கும் பெரிய வேலையைத் தொடங்குமுன் சிறிய வேலை ஒன்றுண்டு. வால்வுகளின் இடைவெளி காலப்போக்கில் குறைந்து, வால்வு முற்றும் மூடாமல் நின்றால் நெருக்கம் கசியும். உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்ததாலேயே பல வண்டிகள் குணமாகும். அதன் பின்னரும் குற்றம் நீங்காவிடின் பிஸ்டன் ரிங்குகளின் தேய்வைச் சந்தேகிக்கலாம். யந்திரம் சூடாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், தேய்ந்த யந்திரத்தில் அவ்வழியே விட்டுவிட்டுப் புகை வேகமாகத் தள்ளும். நீலப்புகையும் ஆயில் குறைவும் இதனை உறுதிப்படுத்தும். இறுதித் தீர்மானம் மீட்டர் வைத்து ஒவ்வொரு ஸிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்த பின்னரே செய்யத்தக்கது. அளவைக் காகிதத்தில் எழுதித் தராத பட்டறையில் யந்திரத்தை இறக்கச் சம்மதிக்கலாகாது.

என்ஜின் ஆயிலும் இதனுடன் சேர்த்துக் கவனிக்கத்தக்கது. நெடுங்காலம் மாற்றாத ஆயில் புகைக்கரியால் தடித்து, விடியலில் யந்திரத்தைப் பிடித்துக்கொள்ளும். உற்பத்தியாளர் 15டபிள்யூ-40 தரம் குறித்திருந்தால் அதையே ஊற்றவேண்டும். ஆயில் குறைகின்றதென்று தடித்த ஆயிலை ஊற்றுவது தேய்வை மறைக்குமேயன்றிப் போக்காது.

செய்யத்தகாதவை

புறப்படாத வண்டிக்கு அவசரத்தில் செய்யப்படும் சில காரியங்கள் வண்டிக்கும் உயிருக்கும் ஆபத்தானவை.

ஆயில் தட்டின் கீழே நெருப்பு மூட்டுதலும், காற்று வடிகட்டியின் வாயில் எரியும் துணியைக் காட்டுதலும் அறவே கூடாது. டீஸல் கசிந்துள்ள பழைய வண்டி முழுதும் எரிந்துபோகும்.

ஈதர் கலந்த ஸ்பிரேயைக் காற்றுக்குழாயில் அடிப்பது, ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் வெடிப்புக்கு இடமாகும். பிளக் இல்லாத வண்டியிலும் அளவு மீறினால் பிஸ்டனும் ரிங்கும் உடையும்.

இரவில் சரிவான இடத்தில் நிறுத்தி, காலையில் உருட்டிப் புறப்படச் செய்யும் வழக்கம் சிலரிடம் உள்ளது. யந்திரம் ஓடாதபோது பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடமோ காற்றழுத்தமோ இராது. பவர் ஸ்டியரிங்கும் இயங்காது. பாரம் ஏற்றிய லாரி சரிவில் உருண்டு, யந்திரமும் பற்றாவிடின் அதனை நிறுத்த வழியில்லை. தெருவில் குழந்தைகளும் கால்நடைகளும் நடமாடும் கிராமங்களில் இவ்வழக்கத்தை ஊர்ப் பெரியவர்கள் தடுத்தல் வேண்டும். சமதரையில் தள்ளியவுடன் வண்டி சுலபமாகப் பற்றுமாயின், யந்திரம் நன்றாயுள்ளது, பாட்டரிப் பக்கமே குற்றம் என்று அதிலிருந்து ஓர் அறிவு மட்டும் பெறலாம்.

மலையேறும் வண்டிகள்

இப்பகுதியிலிருந்து காய்கறி ஏற்றி மூணாறு, உதகமண்டலம், கொடைக்கானல் முதலிய இடங்களுக்கு மார்கழி, தை மாதங்களில் செல்லும் வண்டிகளுக்கு மேற்கூறிய கணக்கு மாறும். அங்கு உறைபனி விழும் இரவுகளும் உண்டு. சமவெளியில் நிரப்பிய கோடைத்தர டீஸலில் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடலாம். பாட்டரியும் 0 டிகிரியில் தன் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கின்றது. ஆகையால் மலைமேல் உள்ள பங்கிலேயே டீஸல் நிரப்பி, வண்டியைக் காற்றுப்படாத மறைவில் நிறுத்துவது நலம். லடாக் போன்ற பிரதேசங்களுக்கென 33 டிகிரி உறைநிலைக்குக் கீழும் ஓடக்கூடிய டீஸலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ல் வெளியிட்டது. தென்னாட்டு மலைகளுக்கு அத்தகையது வேண்டுவதில்லை. டீஸலில் மண்ணெண்ணெய் கலப்பது சட்டத்துக்கு விரோதமாவதோடு, பம்பின் பாகங்களை உராயச்செய்து கெடுக்கும்.

பழைய லாரி வாங்குவோர் கவனிக்கவேண்டியவை

பழைய வண்டியின் குற்றங்கள் யாவும் விடியற்காலையில் வெளிப்படும் என்பதை விற்பவர் அறிவார். ஆகவே வாங்குவோர் வருமுன் யந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி வைத்தலும் உண்டு. வண்டியைப் பார்க்கச் செல்பவர் முன்னறிவிப்பின்றிச் சூரிய உதயத்துக்கு முன் சென்று, முதலில் யந்திரத்தின் மீது கை வைத்துப் பார்க்கவேண்டும். சூடாயிருந்தால் அன்று பேரம் பேசாமல் திரும்பி, மற்றொரு நாள் வரவேண்டும். குளிர்ந்த யந்திரம் முதல் முயற்சியிலேயே சில வினாடிகளில் பற்றி, ஓரிரு நிமிஷங்களில் புகை தெளிந்தால் அது நல்ல குறி. சாரற்காலத்தில் வாங்குவது இதனால் நன்மையே. பருவமே பரீட்சகராக நிற்கின்றது.

அதன் பின்னர் பதிவுச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ், காப்பீடு, புகைச் சான்றிதழ் ஆகியவற்றையும், வண்டியின்மேல் நிதி நிறுவனக் கடன் பாக்கி உள்ளதா என்பதையும் பார்க்கவேண்டும். போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்று முதல் எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கவேண்டும். இதனை அசட்டை செய்தால், பின்னர் விபத்து நேரும்போது இருதரப்பாரும் துன்புறுவர். கூட்டாக வாங்கும் விவசாயிகளுக்குக் கிராம நிர்வாக அலுவலர்களும் கூட்டுறவுச் சங்க அலுவலர்களும் இவ்விஷயத்தை எடுத்துக்கூறுதல் பேருதவியாகும்.

சாரலுக்கு முன் செய்யவேண்டிய ஏற்பாடுகள்

வைகாசி மாதத்திலேயே கீழ்க்கண்டவற்றைச் செய்து முடிப்பது நலம்:

1. பாட்டரி முனைகளையும் எர்த் கம்பியையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குக. நீர் ஊற்றும் வகைப் பாட்டரியானால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக.

2. டீஸல் வடிகட்டியை மாற்றி, ரப்பர்க் குழாய்களை வளைத்துப் பார்த்து, வெடிப்புக் கண்டவற்றை நீக்குக.

3. சாரல் மாதங்களில் நீர்ப்பிடிப்புக் கிண்ணத்தின் அடித்திருகை வாரம் ஒருமுறை திறந்து நீரை வடித்துவிடுக.

4. தொட்டியை மாலையில் நிரப்பி நிறுத்துக. காலியான தொட்டியில்தான் நீர் படியும்.

5. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்து, வால்வு இடைவெளியையும் என்ஜின் ஆயிலையும் கவனிக்க.

6. வண்டி புறப்பட எடுத்துக்கொள்ளும் வினாடிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குறிக்க. மூன்று வினாடி ஐந்தாகி, ஐந்து எட்டாகும்போதே பரிகாரம் தேடினால், வண்டி சந்தை நாளில் நின்றுபோக நேராது.

டிராக்டருக்கும் கிணற்று எண்ணெய் யந்திரத்துக்கும் இவையே விதிகள். சுழற்சி, நெருக்கம், டீஸல் என்னும் மூன்றையும் இவ்வரிசையிலேயே சோதித்து, செலவில்லாத சோதனையை முன்னும் செலவுள்ளதைப் பின்னும் வைத்துக்கொண்டால், பழைய வண்டியும் குடியானவனுக்குப் பல்லாண்டு உழைக்கும்.